வயலுக்கும் வாடிக்கும் மின்சாரப் பிக்கப் சரிவருமா?

மட்டக்களப்புப் பக்கத்துக் களுவாஞ்சிக்குடித் தம்பி ஒருவர் போன கிழமை கேட்ட கேள்வி இது: “அண்ணன், பட்டிருப்புப் பாலத்துக்கு அங்கால பன்னிரண்டு ஏக்கர் வயல். கிழமையில் மூன்று நாள் வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன் எடுத்து வந்து கொடுக்கிறேன். டீசல் டபுள் கெப்புக்கு இருபது வயதாகிறது, இனி அதில் காசு போட்டுப் பயனில்லை. மின்சாரப் பிக்கப் எடுத்தால் எங்கட பாதைக்கும் வெள்ளத்துக்கும் தாக்குப்பிடிக்குமா? ஒரு சார்ஜுக்கு 500 கிலோமீற்றர் ஓடும் என்று வீடியோக்களில் சொல்கிறார்களே, அது இங்கேயும் ஓடுமா?”

ஹைபிரிட் கார்களின் பற்றரியைக் கழற்றிப் பூட்டுவதுதான் பதினொரு வருடமாக என் தொழில். இரண்டு வருடத்துக்கு முன் அவுஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தில் தங்கையின் குடும்பத்தோடு மூன்று கிழமை நின்றபோது, மச்சான் வேலைசெய்யும் பழத்தோட்டத்தின் மின்சாரப் பிக்கப்பை நாள்தோறும் ஓட்டக் கிடைத்தது. அதை வைத்துத்தான் சொல்கிறேன். தம்பி கேட்டது பாதையையும் வெள்ளத்தையும். இரண்டுக்கும் பதில் இருக்கிறது, வருகிறேன். ஆனால் அவர் கேட்காத ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்: இரவில் உங்கள் வண்டி எங்கே நிற்கிறது? வீட்டு வளவுக்குள், மீற்றர் பெட்டிக்குக் கிட்ட நிற்கிறதென்றால் மேலே வாசியுங்கள். சந்தியில், கடை வாசலில், மீன் வாடிக்குப் பக்கத்தில் நிற்கிறதென்றால் டீசலிலேயே இன்னும் கொஞ்சக் காலம் இருங்கள். மின்சார வாகனத்தின் லாபம் எல்லாம் நீங்கள் தூங்கும்போது அது சார்ஜ் ஆவதில்தான் இருக்கிறது.

முதலில் அந்த 500 கிலோமீற்றர். வீடியோவில் நீங்கள் பார்த்தவை அமெரிக்க வண்டிகளாகத்தான் இருக்கும். ஃபோர்ட் எஃப்-150 லைட்னிங், ரிவியன் ஆர்1டி, டெஸ்லாவின் சைபர்ட்ரக். லைட்னிங்கின் பெரிய பற்றரி 131 யூனிட் (மின் பில்லில் வரும் அதே யூனிட்தான்) கொள்ளும். அந்த அளவு பற்றரி இருந்தால்தான் 500 கிலோமீற்றர். நம் வீட்டுச் சாதாரண பிளக்கில், 10 அம்பியரில், அதை வெறுமையிலிருந்து நிரப்ப இரண்டு இரவு இரண்டு பகல் போதாது. அதைவிட முக்கியம், இவை எல்லாம் இடது பக்க ஸ்டியரிங். நமக்கு வாங்கும் பொருள் இல்லை.

ஆனாலும் அவற்றின் அமைப்பைப் பார்த்து வைப்பது நல்லது. மின்சாரப் பிக்கப் என்றால் என்ன மாறுகிறது என்பது அங்கேதான் வடிவாகத் தெரியும். எஞ்சின் இல்லாததால் லைட்னிங்கின் பொனட்டுக்குக் கீழே 400 லீற்றர் பெட்டி ஒன்று கிடைக்கிறது. பூட்டலாம், மழை படாது, அடியில் தண்ணீர் வடியத் துவாரமும் உண்டு. மீன் வியாபாரி ஒருவருக்கு அதைக் காட்டினால் ஐஸ் போட இடம் என்றுதான் உடனே சொல்வார். ரிவியனில் பின் இருக்கைக்கும் பெட்டிக்கும் நடுவே, வண்டியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு சுரங்கம் போல இடம் விட்டிருக்கிறார்கள். நீளமான தடி, வலைக்கம்பு, குழாய் எல்லாம் அதற்குள் போகும். எஞ்சினிலிருந்து பின் அச்சுக்கு ஓடும் நீண்ட ஷாஃப்ட் இல்லாததால்தான் இப்படி இடம் பிரிக்க முடிகிறது. சைபர்ட்ரக்கில் வெளித்தகட்டைப் பற்றித்தான் எல்லோரும் கதைக்கிறார்கள். எனக்குப் பிடித்தது உள்ளே இருப்பது. லைட், விசிறி, கண்ணாடி மோட்டருக்குப் போகும் வயரிங்கை 12 வோல்ற்றிலிருந்து 48 வோல்ற்றுக்கு மாற்றியிருக்கிறார்கள். வோல்ற்று நான்கு மடங்கானால் அதே வேலைக்குக் கரண்ட் நாலில் ஒன்றுதான், செம்பு வயரும் மெலிதாகும். வயரிங் எலி கடித்து வரும் வண்டிகளைத் திருத்தும் எவருக்கும் அதன் அருமை தெரியும்.

நம் நாட்டுப் பாதைக்குப் பொருத்தமான வகை வேறு. வலது ஸ்டியரிங்கில் வரும், நமக்குப் பழகிய, ஏணி போன்ற இரும்பு அடிச்சட்டத்தின் மேலேயே கட்டிய மின்சாரப் பிக்கப்கள். இரண்டைச் சொல்கிறேன். இசுசு டி-மேக்ஸின் மின்சார வகையை 2024 மார்ச்சில் பாங்கொக் கண்காட்சியில் காட்டினார்கள். அதில் 66.9 யூனிட் பற்றரி, முன்னும் பின்னும் ஒவ்வொரு மோட்டர், ஏறத்தாழ 1 தொன் சுமை. டொயோட்டா ஹைலக்ஸின் புதிய தலைமுறை 2025 நவம்பரில் வந்தது. அதன் மின்சார வகையில் 59.2 யூனிட் பற்றரி, சுமை 715 கிலோ. ஐரோப்பிய அளவுமுறையில் முதலாவது 263 கிலோமீற்றர் ஓடும், இரண்டாவது சுமார் 240. ஐந்நூறில் பாதிதான். ஆனால் பற்றரி சிறிதானதால் நம் வீட்டில் இரண்டு மூன்று இரவில் நிரப்பக்கூடிய பற்றரி.

இந்தச் சுமை எண்ணைக் கவனமாகப் பாருங்கள் தம்பி. வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். பற்றரி பல நூறு கிலோ. சட்டமும் அச்சும் ரயரும் தாங்கக்கூடிய மொத்த எடையில் அதைக் கழித்த பிறகுதான் உங்களுக்கு மிச்சம். மூடை ஒன்று 70 கிலோ என்று வையுங்கள். 715 கிலோவில் நீங்களும் உதவிக்கு வரும் பையனும் சேர்ந்து 140 கழிந்தால் 575 மிச்சம். எட்டு மூடை. டி-மேக்ஸில் பன்னிரண்டு மூடை. நம் ஆட்கள் பழைய டபுள் கெப்பில் இருபது மூடை அடுக்கி, பின் ஸ்பிரிங்குக்கு இன்னொரு பட்டை போட்டு, முன்சில்லு பாரமில்லாமல் மிதக்க மிதக்க ஓட்டுவார்கள். அந்தப் பழக்கத்தோடு இதில் ஏறக்கூடாது. அறுவடைக்குப் பிறகு நெல் இழுப்பது உழவு இயந்திரப் பெட்டியின் வேலை, அது அதைச் செய்யட்டும். விதைநெல், உரம், கிருமிநாசினி, ஆட்கள், சாப்பாடு, மீன் பெட்டி இதுதான் பிக்கப்பின் வேலை. அதற்கு எட்டு மூடைப் பாரம் போதும்.

இனி தூரக் கணக்கு. இந்த அளவு வண்டி நான்கு கிலோமீற்றருக்கு ஒரு யூனிட் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். களுவாஞ்சிக்குடியிலிருந்து வாழைச்சேனை போய்வர ஏறத்தாழ 120 கிலோமீற்றர். முப்பது யூனிட். வரும்போது மீனும் ஐஸும் பாரம், ஏசியும் ஓடும், முப்பத்தைந்து என்று வையுங்கள். பற்றரியில் பாதிக்குக் கொஞ்சம் கூட. வயலுக்குப் போகும் நாளில் 40 கிலோமீற்றர் கூட வராது. உங்கள் வேலைக்குத் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை.

பாரம் ஏற்றினால் தூரம் பாதியாகிவிடும் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாதி உண்மை. அமெரிக்காவில் பெரிய வீட்டு வண்டியைப் பின்னால் கொழுவி 110 கிலோமீற்றர் வேகத்தில் இழுத்துப் பார்த்தார்கள், தூரம் பாதியானது. ஆனால் அங்கே பற்றரியைக் குடித்தது பாரம் அல்ல, காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும்: 55இல் ஓடுவதை 110இல் ஓடினால் எதிர்ப்பு நான்கு மடங்கு. தோட்டத்தில் இதை நான் கண்ணால் பார்த்தேன். அப்பிள் கூடைகளை பிக்கப்பின் பெட்டிக்குள், கூரைக்கு மேலே போகாமல் அடுக்கி ஊர்ப்பாதையில் 60இல் ஓடியபோது மீதித் தூரம் காட்டும் இலக்கம் கிட்டத்தட்ட ஓடிய தூரத்துக்கே குறைந்தது. அடுத்த நாள் அதே கூடைகளை உயரமான மூடிய இழுவைப் பெட்டியில் போட்டு நெடுஞ்சாலையில் ஏறினோம். பத்துக் கிலோமீற்றர் ஓடுவதற்குள் இலக்கம் இருபத்திரண்டு இறங்கிவிட்டது. மச்சான் திரையைப் பார்ப்பதும் பாதையைப் பார்ப்பதுமாக வந்தார். முப்பது கிலோமீற்றர் ஓடியபின் வேகத்தைக் குறைத்த பிறகுதான் இறக்கம் நிதானமானது.

நம் பக்கம் அந்த வேகத்துக்கு இடமே இல்லை. களுவாஞ்சிக்குடி, ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடி, ஏறாவூர் என்று ஊருக்கு ஊர் ஒட்டிக்கொண்டிருக்கும் பாதையில் ஐம்பதைத் தாண்டுவதே கொஞ்சத் தூரம்தான். மேடு இல்லை, பனி இல்லை. பனி நாட்டில் பற்றரியைச் சூடாக்கவும் ஹீற்றருக்கும் போகும் சக்தி நமக்கு மிச்சம். பிரேக் பிடிக்கும்போது மோட்டர் மின்பிறப்பாக்கியாக மாறிக் கொஞ்சத்தைத் திரும்பப் பற்றரிக்குள் போடும். நின்று நின்று ஓடும் ஊர்ப்பாதையில் அது நன்றாக வேலை செய்யும். உண்மையைச் சொன்னால், மின்சார வாகனத்துக்கு இலங்கையில் நல்ல பாதை எது என்று கேட்டால் பொத்துவிலிலிருந்து வாழைச்சேனை வரையான நம் கரையோரப் பாதையைத்தான் காட்டுவேன்.

கொழும்புக்கோ தம்புள்ளைச் சந்தைக்கோ ஓடும் ஆட்களுக்கு இந்தக் கணக்குச் சரிவராது. தம்புள்ளை ஒரு வழிக்கே 150 கிலோமீற்றருக்கு மேல், கொழும்பு 300க்கு மேல். வழியில் விரைவுச் சார்ஜருக்காக ஒரு மணித்தியாலம் நிற்க வேண்டும், அது அன்று வேலை செய்யவும் வேண்டும். மீனை ஐஸில் வைத்துக்கொண்டு அந்தச் சோதனைக்குப் போகாதீர்கள்.

அப்புறம் சார்ஜ். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வருவது 230 வோல்ற்று, பெரும்பாலும் 30 அம்பியர் இணைப்பு. வண்டியோடு வரும் சிறிய சார்ஜரை 10 அம்பியரில் வைத்தால் மணிக்கு 2.3 யூனிட். இரவு பத்து மணித்தியாலத்தில் 23 யூனிட், அதாவது 90 கிலோமீற்றருக்கு மேல். சுவரில் தனிச் சார்ஜர் பூட்டி 16 அம்பியர் விட்டால் எட்டு மணித்தியாலத்தில் 29 யூனிட். மீன் எடுக்கும் நாளின் செலவு அநேகமாக அன்றிரவே திரும்பிவிடும். கொஞ்சம் குறைந்தாலும் மறுநாள் வயல் நாள், மெதுவாக நிரம்பட்டும்.

எண்ணிக்கை இவ்வளவு இலகு. வயரிங்தான் வில்லங்கம். என் முதல் மின்காரை, ஜப்பானில் பாவித்து இறக்கிய சின்ன வண்டியை, வீட்டுக் குசினிச் சுவரில் இருந்த 13 அம்பியர் சொக்கெற்றில் கொழுவித்தான் சார்ஜ் செய்தேன். கேத்தலுக்கும் கிரைண்டருக்கும் அது ஐந்து நிமிடம், பத்து நிமிடம் வேலை செய்யும் சொக்கெற். காருக்கு எட்டு மணித்தியாலம் நிற்காமல். மூன்றாம் மாதம் ஒரு விடியற்காலை பிளாஸ்டிக் கருகும் மணத்துக்கு எழும்பினேன். பிளக்கைப் பிடித்து இழுத்தால் சொக்கெற்றின் முகமும் சேர்ந்து கையோடு வந்தது. உள்ளே பித்தளைத் தகடு நீலமாகிப்போய், இறுக்கம் விட்டு, இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தது. வயர் இணைக்கும் திருகாணி ஒரு சுற்றுத் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான் காரணம். நீங்கள் அந்த விடியற்காலையைப் பார்க்கத் தேவையில்லை. மீற்றர் பெட்டியிலிருந்து சார்ஜருக்குத் தனி வயர், குறைந்தது 6 சதுர மில்லிமீற்றர் தடிப்பு, தனி பிரேக்கர், தனி ட்ரிப் சுவிட்ச். இதைப் பழகிய மின்வேலைக்காரர் ஒருவரைக் கொண்டு செய்வியுங்கள்.

எர்த் பற்றியும் ஒரு சொல். கரையோர ஊர்களில் நம் வீடுகள் நிற்பது மணலில். மாரியில் நன்றாக இருக்கும் எர்த், ஆடி ஆவணியில் மணல் காய்ந்ததும் பிடிப்பை விட்டுவிடும். பல சார்ஜர்கள் எர்த் சரியில்லை என்றால் சிவப்பு லைட் காட்டிச் சார்ஜ் செய்யவே மறுக்கும். ‘சார்ஜர் பழுது’ என்று என்னிடம் கொண்டுவந்தவற்றில் பாதிக்கு மேல் சார்ஜரில் பிழை இருக்கவில்லை. கம்பியை ஈரம் தட்டும் ஆழம் வரை இறக்க வேண்டும். கிணற்றடிப் பக்கம், தண்ணீர் ஊற்றும் வாழையடிப் பக்கம் இறக்கினால் இன்னும் நல்லது.

காசுக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் ஓட்டம் மாதத்துக்கு 2,000 கிலோமீற்றர் என்றால் ஏறத்தாழ 500 யூனிட். பழைய கெப் லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடினால் அதே ஓட்டத்துக்கு 200 லீற்றர் டீசல். இரண்டையும் இன்றைய விலையால் பெருக்கிப் பாருங்கள், மின்சாரம் மலிவாகத்தான் வரும். ஆனால் பெருக்கும்போது இப்போது உங்கள் வீட்டுப் பில்லில் இருக்கும் யூனிட் விலையால் பெருக்காதீர்கள். வீட்டுக் கட்டணம் படி படியாக ஏறுவது. 90 யூனிட்டுக்குள் இருந்த வீடு 590 யூனிட்டுக்குப் போனால் புதிதாகச் சேரும் யூனிட்டில் பெரும் பகுதி மேல்படி விலையில்தான் விழும். இதற்கு வழி இரண்டு. த்ரீ பேஸ் இணைப்பு எடுத்தால் நேரத்துக்கேற்ற கட்டணத்துக்கு மாறலாம். அதில் இரவு 10.30 முதல் விடிய 5.30 வரை குறைந்த விலை, மாலை 6.30 முதல் 10.30 வரை கூடிய விலை. மீனுக்கு விடியப் புறப்படுகிறவருக்கு அந்த ஏழு மணித்தியாலம் அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். மற்றது கூரைச் சோலார். மட்டக்களப்பு வெயிலை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வண்டி பகலில் வீட்டில் நிற்கும் நாட்களில் நேரடியாகவே நிரப்பலாம்.

வெயில் பற்றரிக்கு நல்லதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நான் சொன்ன அந்தச் சின்ன வண்டியின் பற்றரிக்குக் குளிரூட்டும் தண்ணீர்க் குழாய் கிடையாது, வெறும் காற்றுத்தான். நம் சித்திரை வெயிலில் அது வருடா வருடம் தேய்ந்தது. இன்றைய பிக்கப் எதை வாங்கினாலும் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் கடையை விட்டு வெளியே வாருங்கள். அடுத்தது எந்த வகைப் பற்றரி என்று கேளுங்கள். இரும்புப் பொஸ்பேற் வகை கொஞ்சம் பாரம், ஆனால் வெக்கையைத் தாங்கும், நூறு வீதம் வரை நிரப்பினாலும் பெரிதாகக் கோபிக்காது, நீண்ட காலம் உழைக்கும். நிக்கல் வகை இலேசு, தூரம் கூட. அன்றாடம் அதை 80 வீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இரண்டு வகையையும் நிறைய நிரப்பி உச்சி வெயிலில் நாள்முழுக்க நிற்பாட்டி வைக்காதீர்கள். வேம்போ மாமரமோ இருந்தால் அதன் கீழ் விடுங்கள்.

இப்போது வெள்ளம். நம் ஆட்களுக்கு மின்சாரமும் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்தாலே பயம், நியாயமான பயம். இந்த வண்டிகளில் பற்றரியும் மோட்டரும் முழுக்க அடைத்து மூடியவை. காற்று உறிஞ்சும் குழாய் இல்லை, புகைக்குழாய் இல்லை. டீசல் வண்டி தண்ணீரில் சாவது பெரும்பாலும் எஞ்சின் தண்ணீரை உறிஞ்சி. அந்த வழி இதில் அடைபட்டிருக்கிறது. டி-மேக்ஸின் மின்சார வகை 600 மில்லிமீற்றர் வரை தண்ணீரில் இறங்கலாம் என்று இசுசு சொல்கிறது, ஹைலக்ஸுக்கு 700. டீசல் ஹைலக்ஸுக்கும் அதே அளவுதான். ரிவியன் ஒரு மீற்றர் ஆழத்தைத் தொடும்.

ஆனால் தம்பி, இந்த எண் அசையாத தண்ணீருக்கு. பட்டிருப்பிலும் கிட்டங்கித் தாம்போதியிலும் கார்த்திகை மார்கழியில் நிற்பது அசையாத தண்ணீர் இல்லை. 2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளியில் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரமே பெட்டியோடு அடித்துச் செல்லப்பட்டதை நாம் யாரும் மறக்கவில்லை. பாரமான வண்டி, அடைத்த பற்றரி என்ற தைரியத்தில் ஓடுகிற தண்ணீருக்குள் இறங்காதீர்கள். அடிப்பகுதி தட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் தண்ணீர் ஒரு மட்டத்துக்கு மேலே வந்தால் வண்டியை அப்படியே தூக்கும். முழங்காலளவு தண்ணீர் ஓடினால் நின்றுவிடுங்கள்.

இன்னொன்று உப்பு. வயல்வெள்ளம் நல்ல தண்ணீர், கழுவிவிட்டால் போகும். வாவித் தண்ணீரும் கடல் தண்ணீரும் அப்படியல்ல. 2022இல் அமெரிக்காவின் புளோரிடாவில் இயன் சூறாவளியின்போது கடல்நீரில் மூழ்கிய மின்சார வாகனங்கள் சில, தண்ணீர் வற்றி நாட்கள் கழிந்த பிறகு தீப்பிடித்தன. உப்பு மின்சாரத்தைக் கடத்தும், உள்ளே புகுந்து காய்ந்து படிந்தாலும் கடத்தும். கல்லடியிலோ வாகரையிலோ கடல் ஏறி வண்டி பற்றரி மட்டத்துக்கு மேலே மூழ்கிவிட்டால் ஸ்டார்ட் பண்ணவும் வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம். வீட்டை விட்டுத் தள்ளி, திறந்த வெளியில் நிற்பாட்டி, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

சேற்றைப் பற்றி நான் முதலில் நம்பிக்கை வைத்திருக்கவில்லை. பழத்தோட்டத்தில் மழைக்குப் பிறகு ஒரு ஏற்றத்தில் பிக்கப் வழுக்கியது. டீசலில் பழகிய காலோடு அழுத்தினேன். சில்லு ஒன்று சுற்றத் தொடங்கிய அந்தக் கணமே மோட்டர் அதை அடக்கிவிட்டது, வண்டி மாடு போல நிதானமாக மேலே ஏறியது. எஞ்சின் வேகம் கூடிக் கிளட்ச் பிடித்து இழுவை வருவதற்குள் சேறு குழியாகிவிடும். மோட்டரில் முழு இழுவையும் முதல் சுற்றிலேயே வரும், அதையும் நூலளவாக விடலாம். பாரம் மட்டும் எதிரி. அதே அளவு டீசலைவிட இருநூறு முந்நூறு கிலோ கூடிய வண்டி களியில் புதைந்தால் ஆழமாகத்தான் புதையும். வரம்பில் ஏற்றாதீர்கள். உங்கள் வயல்பாதையில் பழைய மதகுகள் இருந்தால் முதல் தடவை இறங்கி நடந்து பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

நான் ஆசையோடு சொல்ல வந்த விடயம் இனித்தான். இந்த வண்டி வயலுக்கு ஒரு மின்சார சபை. லைட்னிங்கின் பெட்டியில் 9.6 கிலோவாற்று வரை எடுக்கலாம், சீனாவின் பிவைடி ஷார்க் பிக்கப்பில் 6.6. தோட்டத்தில் ஒரு மத்தியானம் ஓடையிலிருந்து தண்ணீர் இறைக்க ஜெனரேற்றரைத் தூக்கி வர மறந்துவிட்டோம். மச்சான் பிக்கப்பின் பின்கதவைத் திறந்து, பெட்டிச் சுவரில் இருந்த மூடியைக் கிளப்பி, பம்ப் வயரைக் கொழுவினார். வேறு ஒன்றும் இல்லை. புகை இல்லை, கயிறு இழுக்கவில்லை. பம்ப் உறுமுகிற சத்தமும் குழாயில் தண்ணீர் ஏறும் சத்தமும் மட்டும்தான். இரண்டு மணித்தியாலத்தில் பற்றரியில் ஐந்து வீதம் குறைந்திருந்தது.

அந்த நேரம் எனக்கு 2022தான் ஞாபகம் வந்தது. ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கறன்ட் வெட்டு, டீசலுக்குக் கியூ, கான்களை வரிசையாக அடுக்கிவிட்டு ஷெட் வாசலில் படுத்த இரவுகள். வாடியில் மீன் வைக்கும் பிரீசர் உருகிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு வண்டி வளவில் நின்றிருந்தால் 60 யூனிட் பற்றரி ஒரு வீட்டின் பிரீசரையும் விசிறியையும் லைட்டையும் நாட்கணக்கில் ஓட்டியிருக்கும். இறால் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய விடயம். கறன்ட் போய்க் காற்றுச் சுழற்றி நின்றால் குளத்தில் இறால் எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்று அவர்களிடம் கேளுங்கள்.

வாங்கும்போது இதைக் கட்டாயம் பாருங்கள். வண்டியில் 230 வோல்ற்று எடுக்கும் வசதி இருக்கிறதா, எத்தனை கிலோவாற்று? இரண்டு குதிரைவலு பம்ப் ஓடும்போது 1.5 முதல் 2 கிலோவாற்று வரைதான், ஆனால் ஸ்டார்ட் ஆகும் அந்த ஒரு கணம் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். 2 கிலோவாற்று மட்டும் கொடுக்கும் வண்டி அதில் ட்ரிப் ஆகும். மெதுவாக ஸ்டார்ட் ஆகும் கருவி ஒன்றைப் பம்புக்குப் பூட்டினால் சமாளிக்கலாம்.

சின்னச் சின்ன விடயங்கள் சில. கடற்காற்றில் சார்ஜ் வாயின் ஊசிகளில் பச்சை படியும். மூடியை எப்போதும் இறுக்கி மூடுங்கள், மீன் தண்ணீர் வடிந்த பெட்டியை அன்றன்றே நல்ல தண்ணீரால் அடியோடு கழுவுங்கள். வண்டி மெதுவாக ஓடும்போது சத்தமே இருக்காது என்பதால் 20 கிலோமீற்றர் வேகம் வரை செயற்கையாக ஒரு ஒலி கொடுக்கிறார்கள். அதை நிறுத்திவிடாதீர்கள். இரவில் பாதையில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகளுக்கும் லைட் இல்லாமல் வரும் சைக்கிள்காரருக்கும் அந்த ஒலிதான் அறிவிப்பு. மறுபக்கம், வெல்லாவெளிப் பக்கம் இரவில் வயல்காவலுக்குப் போகிறவர்களுக்கு இந்த அமைதி ஒரு துணை. எஞ்சின் சத்தம் இல்லாமல் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போனால் யானை கொப்பு முறிக்கிற சத்தம் முன்கூட்டியே கேட்கும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தார்கள். அதனால் தெரிவு இன்னும் குறைவு, விலை கூட. அவசரப்பட்டு, முகவர் இல்லாத வண்டியைத் துறைமுகத்திலிருந்து நேரே எடுக்காதீர்கள். பெரும்பாலான நிறுவனங்கள் பற்றரிக்கு எட்டு வருடம் அல்லது 160,000 கிலோமீற்றர் உத்தரவாதம் கொடுக்கின்றன. அந்தத் தாளை இந்த நாட்டில் மதிக்கும் ஆள் யார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பற்றரி மாற்ற நேர்ந்தால் லாபம் என்று கணக்குப் போட்ட எல்லாமே போய்விடும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கொழும்பு ஓட்டமும் இடைக்கிடை இருக்கிறதென்றால் ஷார்க் போன்ற இரட்டை வகையை யோசிக்கலாம். 29.6 யூனிட் பற்றரி, கூடவே 1.5 லீற்றர் பெற்றோல் எஞ்சின். வயலுக்கும் களுவாஞ்சிக்குடிச் சந்தைக்கும் கறன்ட், நீண்ட பயணத்துக்குப் பெற்றோல். ஆனால் எண்ணெய் மாற்றுவது, ரேடியேற்றர், புகைக்குழாய் எல்லாம் அப்படியே உங்களோடு இருக்கும். தம்பியின் ஓட்டத்துக்கு, நான் என்றால், முழு மின்சாரத்தையே எடுப்பேன். பழைய கெப்பை உடனே விற்காமல் ஒரு போகம் வைத்திருப்பேன்.

நாளையிலிருந்து ஒரு மாதத்துக்கு ஒரு கொப்பியில் ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோமீற்றர், என்ன பாரம், எத்தனை லீற்றர் என்று எழுதுங்கள். கடைசி மூன்று மாத மின் பில்லையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், இருந்து கணக்குப் பார்ப்போம். வரும்போது, வண்டி இரவில் நிற்கும் இடத்திலிருந்து மீற்றர் பெட்டி வரை எத்தனை அடி என்று நூல் பிடித்து அளந்து வாருங்கள். வயர் விலையையும் அன்றே போட்டுவிடலாம்.